வீட்டைவிட்டு நகர முடியாத நிலையில் கோயில் கட்டடக்கலை கற்க எங்கே தொடங்குவது?

குடமுருட்டிக்கரை
ஜூன் 8, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். மாமியாருக்கு 82 வயது. போன வருடம் கொல்லைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டைவிட்டு நான் போக முடியாது. அதுவும் ரேஷன் கடை, மருந்துக்கடை என்று ஓடிவிடும்.

பள்ளியில் படிக்கும்போது தாராசுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தேர் மாதிரி இருக்கும் மண்டபத்தின் கல்சக்கரத்தில் கை வைத்தபடி நின்றேன், பஸ் கிளம்பப் போகிறது என்று டீச்சர் வந்து இழுத்துப்போகும் வரை. அதற்கப்புறம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமி கும்பிட்ட கையோடு தூண்களைத்தான் பார்ப்பேன். ஆனால் பார்ப்பதோடு சரி. எந்த உறுப்புக்கு என்ன பெயர், அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது மாமியார் தூங்கிய பிறகு எனக்கென்று இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலிருந்து இரண்டு மூன்று புத்தகங்களை இறக்கினேன். தொடக்கத்திலேயே உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக வந்ததும் நின்றுவிட்டேன். கையில் இருப்பது ஒரு போன், பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு, பென்சில். கோயிலுக்கு இப்போதைக்குப் போக வழியில்லை. எங்கே தொடங்கட்டும்?

மேலவீதி
ஜூன் 8, இரவு 10.31

வணக்கம் அக்கா. நான் தஞ்சாவூர்தான், பெரிய கோயிலுக்குப் பத்து நிமிட நடை. அதிலிருந்தே தொடங்குங்கள் அக்கா. காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. 13 நிலை விமானம், 80 டன் எடையுள்ள ஒரே கல் உச்சியில், நிழலே தரையில் விழாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதை எப்படிச் செய்தார்கள் என்று நினைத்தாலே சிலிர்க்கும். மேலே இருந்து பார்க்க வேண்டுமென்றால் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்குங்கள். எந்த இடத்தின் படம் வேண்டுமென்றாலும் கேளுங்கள், எடுத்துப் போடுகிறேன்.

அளவுகோல்
ஜூன் 9, காலை 6.15

அம்மா, வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். 34 வருடம் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

தம்பி ஆர்வமாகச் சொன்னதில் இரண்டை மட்டும் திருத்திவிடுகிறேன். கற்க வருகிறவர் முதல் அடியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழும். காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். உச்சியிலுள்ள எண்பட்டைச் சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களைச் சேர்த்துக் கட்டியது. அந்தக் கோயிலுக்கு இந்தக் கதைகள் தேவையே இல்லை. 200 அடிக்கு மேல் எழும் அந்த விமானத்தின் உள்பக்கம் வெற்றிடம். கருவறைக்கு மேலே கல்லின்மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போய் உச்சியில் மூடியிருக்கிறார்கள். 1010-ல், இராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில், அதன் உச்சிக்குக் கலசம் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. கட்டிய பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது: குஞ்சரமல்லன் என்னும் இராஜராஜப் பெருந்தச்சன். நம்மைச் சிலிர்க்க வைக்க இவை போதாதா?

ஆனால் நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். உங்கள் வீடு பழைய ஓட்டு வீடா? திண்ணையில் மரத்தூண் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கு அதன் முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். தூணின் தலைக்கும் மேலே போகும் உத்திரத்துக்கும் நடுவில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும், இரண்டு பக்கமும் கை நீட்டியது போல. அதற்குப் பெயர் போதிகை. அதை மட்டும் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை, அளவோடு வரட்டும். நூல் பிடித்து எத்தனை அங்குலம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஏன் போதிகை என்று கேட்பீர்கள். இரண்டு தூணுக்கு நடுவில் 7 அடி என்று வையுங்கள். போதிகை ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம் நீண்டால், உத்திரம் தாங்கலில்லாமல் கடக்க வேண்டிய தூரம் ஐந்தரை அடியாகிவிடுகிறது. மரத்துக்கே இது பெரிய உதவி. கல்லுக்கு இதுதான் உயிர். கருங்கல் மேலிருந்து வரும் பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், ஆனால் நடுவில் வளைக்கிற பாரத்தைத் தாங்காமல் விண்டுவிடும். நம் கோயில்களில் இத்தனை தூண்கள் ஏன், அவை இவ்வளவு நெருக்கமாக ஏன் என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

குடமுருட்டிக்கரை
ஜூன் 9, இரவு 9.20

ஐயா, திண்ணையில் நான்கு தூண். இந்த வீட்டுக்கு வந்து 19 வருடம் ஆகிறது, தினமும் அதில் சாய்ந்து உட்காருகிறேன். மேலே அப்படி ஒரு கட்டை இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் தூணை வரைந்து படம் இணைத்திருக்கிறேன். போதிகை நீளம் 26 அங்குலம், உயரம் 6 அங்குலம். முனையில் மொட்டு மாதிரி செதுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. மாமியாரிடம் நோட்டைக் காட்டி இதற்குப் பெயர் போதிகையாம் அத்தை என்றேன். "ஆமா, போதியக்கட்டை" என்றார், நேற்றுச் சொன்னது போல. அப்புறம் படுத்தபடியே கூரையைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். உத்திரம், கைமரம், சட்டம், மோட்டுவளை, முகட்டு ஓடு. எழுதிக்கொண்டேன். அவருடைய அப்பா வீடு கட்டியபோது ஆசாரிகளுக்கு மோர் கொடுத்தபடி கூடவே நின்றாராம்.

கல்லுளி
ஜூன் 10, மாலை 7.05

படம் பார்த்து மகிழ்ந்தேன் அம்மா. எங்கள் குடும்பம் கல்வேலைக் குடும்பம். உங்கள் மாமியார் சொன்ன பட்டியலைத் தொலைத்துவிடாதீர்கள். கோயில் அங்கேயிருந்துதான் வந்தது.

கல்லில் நாங்கள் செய்கிற பல வடிவங்கள் மரத்திலும் கூரையிலும் பிறந்தவை. விமானச் சுவருக்கு மேலே வெளியே வளைந்து நீளும் கபோதம் இருக்கிறதே, அது வீட்டுத் தாழ்வாரத்தின் இறக்கம். மழைநீர் சுவரில் படாமல் தள்ளி விழ வேண்டும் என்பதே அதன் வேலை. அந்தக் கபோதத்தில் வரிசையாக லாட வடிவில் சிறு வளைவுகள் தெரியும். அவற்றைக் கூடு என்போம். வளைத்துக் கட்டிய கூரையின் முகப்பில் விட்ட சாளரம் அது. மேல் நிலைகளில் நீளமாக வண்டிக்கூண்டு போலக் கவிழ்ந்திருப்பது சாலை. மூலையில் சதுரமாக நிற்பது கர்ணகூடு. பெரிய கோயில் விமானத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மலை. கிட்டத்தில் பார்த்தால் சின்னச் சின்ன வீடுகள் மாடிமேல் மாடியாக அடுக்கியிருக்கும்.

ஆவுடையார்கோயில் கொடுங்கையின் படத்தைத் தேடிப் பாருங்கள். கொடுங்கை என்றால் தாழ்வாரம் போல வெளியே வளைந்து இறங்கும் கல்கூரை. நம் டெல்டாவின் தென்விளிம்பைத் தாண்டினால் அந்த ஊர். கருங்கல்லைத் தகடு போல இழைத்து, அடியில் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணிக் குமிழ் எல்லாம் கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கி மாமியாரிடம் காட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது சிற்பிகள் "ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழி பலகணி நீங்கலாக" வேறு எந்த வேலையும் செய்து தருவோம் என்று எழுதுவார்கள் என்பது எங்கள் தொழிலில் வழிவழியாகச் சொல்வது. திருவலஞ்சுழி சுவாமிமலைக்குப் பக்கம். வெள்ளைப் பிள்ளையார் சன்னதிக்கு முன்னால் அந்தப் பலகணி, கருங்கல் சாளரம், இருக்கிறது.

உபானம், ஜகதி என்று பயந்துவிட்டீர்களே, அதையும் இப்படியே எடுங்கள். விமானத்துக்கு ஆறு அங்கம்: அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. மனித உடம்பாக நினைத்தால் பாதம், உடல், தோள், கழுத்து, தலை, குடுமி. முதலில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்த ஆறையும் பிரிக்கப் பழகுங்கள். அதற்குள் இருக்கும் சிறு உறுப்புகள் பிறகு தானாக வந்து சேரும்.

வெண்ணாற்றுநடை
ஜூன் 11, பகல் 2.40

சகோதரி மனம் நோகக் கூடாது என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். இருபது வருடமாக வாரம் ஒரு கோயில் என்று நடந்து பார்க்கிறவன் நான்.

படத்தில் நீங்கள் உறுப்புகளின் பெயரைக் கற்கலாம். கட்டடத்தைக் கற்க முடியாது. கட்டடம் என்பது நடுவிலிருக்கும் வெளிதான். வெயிலில் கல்தளம் காலைச் சுட, ஓடிப்போய் மகாமண்டபத்துக்குள் நுழைந்ததும் பாதம் குளிர்வது, இரண்டு நிமிடத்துக்கு எதுவும் தெரியாமல் இருட்டு, பிறகு ஒவ்வொரு தூணாகக் கண்ணுக்கு வருவது, கடைசியில் தூரத்தில் ஒரு விளக்கு. கூரை தாழ்ந்துகொண்டே போகும், குரல் தானாக அடங்கும். வௌவால் வாடையும் எண்ணெய் வாடையும்கூட அதில் சேர்த்தி. இதையெல்லாம் கணக்குப் பார்த்தே கட்டியிருக்கிறார்கள். போனில் இது எப்படி வரும்? புள்ளமங்கை உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். அதிட்டானத்திலும் தூணடியிலும் உள்ளங்கை அளவில் இராமாயணச் சிற்பங்கள். குனிந்து, கன்னத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. அவற்றைத் திரையில் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று நினைத்துவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

சிறகுவீடு
ஜூன் 11, மாலை 5.55

கல்வெட்டு படிக்கும் மாணவி நான். ஐயா சொல்லும் வெளி உண்மை. ஆனால் நேரில் போனாலும் கிடைக்காதவையும் இருக்கின்றனவே.

பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறியும் வரை மேலே நாயக்கர் கால ஓவியம் மூடியிருந்தது. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அதற்கு மேல்தளச் சுற்றில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 செதுக்கப்பட்டிருக்கின்றன, மீதிக்குக் கல் வெறுமையாகவே நிற்கிறது. அங்கேயும் நாம் ஏற முடியாது. வாசல்வரை போனவருக்கும் வீட்டிலிருப்பவருக்கும் இவற்றைப் பார்க்க ஒரே வழி படம்தான்.

1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படைவீரர் பெரிய கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வந்தார். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை இடம் மாற்றி மாற்றி 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்கும் அது லண்டனில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். நேரில் போய் நின்றால் ஒரே பார்வையில் கிடைக்காத நீளம் அது.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொன்று. பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இரண்டாவதாக அச்சாகியிருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கும். அதில் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலை ஒட்டிய குடியிருப்பான தளிச்சேரியில் இருந்த ஆடல் மகளிருக்கு, கொடுத்த வீடுகளின் பட்டியல் வருகிறது. இந்தத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வரிசையாகப் பெயரோடு போகும். ஒவ்வொருவருக்கும் வருடம் 100 கலம் நெல். சிறகு என்றால் தெருவின் ஒரு பக்க வரிசை, நாம் இப்போது தெற்கு வாடை, வடக்கு வாடை என்கிறோமே அது. அந்த வீடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால் காகிதத்தை எடுத்து வடசிறகு, தென்சிறகு என்று கோடு போட்டு எண்ணி வைத்தால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெரு உங்கள் நோட்டில் வந்துவிடும். நான் போட்டேன். 92-ஆம் வீடு வரைக்கும் எண்ணும் ஒரு சிறகைப் போட்டு முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அளவுகோல்
ஜூன் 11, இரவு 8.10

வெண்ணாற்று நண்பர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்க மாட்டேன். அம்மாவால் போக முடியும் நாள் வரும்போது அந்த இருட்டு அங்கேயேதான் இருக்கும். அதற்குள் கண்ணைத் தீட்டி வைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் என்பவரை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். சில்ப சாத்திரச் சுவடிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சொற்கள் எதுவும் விளங்கவில்லை, உங்களைப் போலவே. அகராதியிலும் இல்லை. தஞ்சாவூர்ச் சிற்பி ஒருவரைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லையும் ஒரு உறுப்போடு பொருத்தினார். அவர் இறந்த பிறகு 1834-ல் லண்டனில் அவருடைய நூல் அச்சானது. நம் கட்டடக்கலையைப் பற்றி இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முன்னோடி நூல். அதன் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு தூணும் கோடு கோடாக, அளவோடு இருக்கும். படம் பார்த்துப் படம் போடப் பழகுவதற்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

அலைவாய்க்கல்
ஜூன் 12, அதிகாலை 3.25

அக்கா, நான் நாகப்பட்டினம். இப்போது மஸ்கட்டில் செவிலியர். இரவுப் பணி முடிந்ததும் தூக்கம் வரும்வரை செயற்கைக்கோள் படத்தில் நம் ஊர்களின் மேல் பறப்பது என் வழக்கம்.

திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு, மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று பாட்டி சொல்வார். தேரும் விளக்கும் மேலிருந்து தெரியாது. தெருவும் மதிலும் தெரியும். திருவிடைமருதூரில் கோயிலைச் சுற்றித் தேரோடும் தெருக்கள் எவ்வளவு நேராக, அகலமாக ஓடுகின்றன என்பது மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள், பெட்டிக்குள் பெட்டியாக ஏழு திருச்சுற்று. வெளிச்சுற்றுகளில் ஓட்டு வீடும் மாடி வீடும் கடையுமாக மனிதர்கள் வாழ்கிறார்கள். உள்ளே போகப் போகக் கோபுரம் சின்னதாகிக்கொண்டே போகும். 236 அடி இராஜகோபுரம் எல்லாவற்றுக்கும் வெளியே, தெற்கே இருக்கிறது. 1987-ல் கட்டி முடித்தது அது, அதற்கு முன்னால் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்றிருந்தது.

அக்காவுக்கு ஒரு கணக்கு தருகிறேன். "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி" என்று திருவாரூரைச் சொல்வார்கள். ஒரு வேலி 6.67 ஏக்கர், ஐவேலி என்றால் 33 ஏக்கர் சொச்சம். வரைபடத்தில் அளக்கும் வசதி இருக்கிறது. அந்தக் குளமான கமலாலயத்தை நான்கு கரையும் சுற்றி அளந்து பாருங்கள், கோயிலை வெளிமதிலோடு அளந்து பாருங்கள். நீர்ப்பரப்பை மட்டும் எடுப்பதா, படித்துறையும் கரைத்தெருவும் சேர்த்தா என்று யோசிக்க வேண்டி வரும். அந்த யோசனை வந்துவிட்டால் நீங்கள் வரைபடம் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

கோயிலோடு நிற்க வேண்டாம் அக்கா. எங்கள் நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களில் (தூண் போல உயர்ந்த கோபுரங்கள்) உயரமானது 131 அடி, மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக் கொடுத்தது. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்கு வடக்கே 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். ஒரே திரையில் இவ்வளவும் தெரியும்.

குடமுருட்டிக்கரை
ஜூன் 19, இரவு 10.15

ஒரு வாரம் போதிகையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை ஐயா, நீங்கள் சொன்னபடியே. அப்புறம் மேலவீதித் தம்பி போட்ட படங்களைத் திறந்தேன். எனக்கு ஒரு சந்தேகம்.

பெரிய கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகைத் தூண்களில் போதிகை சாய்வாக வெட்டியது போல இருக்கிறது. நடுவில் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, பூ வேலை எதுவும் இல்லை. ஆனால் நந்தி மண்டபத் தூண்களில் கீழே தொங்கும் மொட்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பது போலவே. ஒரே கோயிலில் ஏன் இரண்டு விதம்? நான் படத்தைத் தவறாகப் பார்க்கிறேனா?

அளவுகோல்
ஜூன் 20, காலை 5.50

அம்மா, நீங்கள் தவறாகப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு என் பழைய வரைபலகையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

நூறு வருடத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் பிடித்த அதே இழையைத்தான் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பிடித்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் அரசர் பெயரோ கல்வெட்டோ இல்லாத இடத்தில் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் யோசித்தார். சிற்பம் அழகாக இருக்கிறது, இல்லை என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போதிகை, கூடு, தூணின் பலகை போன்ற சிறு உறுப்புகள் தலைமுறை தலைமுறையாக மெல்ல மாறிக்கொண்டே வருகின்றன, ஆசாரி பழக்கத்தில் செய்வதால் அவை பொய் சொல்வதில்லை. 1914-ல் இதைப் பிரெஞ்சில் நூலாக எழுதினார்.

சுருக்கமாகச் சொல்கிறேன், வரைந்துகொள்ளுங்கள். பல்லவர் காலத்தில் போதிகையின் வளைந்த முகத்தில் அலை அலையாக உருளைகள், நடுவில் ஒரு பட்டை. இதைத் தரங்கப் போதிகை என்பார்கள். முற்சோழர் கோயில்களிலும் இதைக் காணலாம். சோழர் காலம் போகப் போக அலைகள் மறைந்து, கோணமாக வெட்டிய முகம், நடுவில் அந்த நாக்கு. பிற்சோழரிலும் பாண்டியரிலும் அந்த நாக்கு மெல்லக் குனிந்து பூவாகத் தொடங்கும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது முழுதாகத் தொங்கி, வாழைப்பூ மாதிரி கவிழ்ந்த மொட்டாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். திருச்சுற்று மாளிகை இராஜராஜன் ஆணையால் அவருடைய சேனாபதி கிருஷ்ணன் இராமன் எடுப்பித்தது. அதனால் நாக்கு. இப்போதுள்ள நந்தி மண்டபம் நாயக்கர் காலம். அதனால் மொட்டு. அதே வளாகத்தில் அம்மன் சன்னதி 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, முருகன் சன்னதி நாயக்கர் வேலை. தம்பியை அந்த இரண்டிலும் போதிகையை மட்டும் கிட்டத்தில் எடுத்துப் போடச் சொல்லுங்கள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே வரிசைப்படுத்துங்கள்.

கூட்டையும் இப்படிப் பார்க்கலாம். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போல இருக்கும். சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடும்.

மேலவீதி
ஜூன் 21, காலை 8.30

இன்றைக்கு நடை திறந்ததும் போனேன். கேட்ட படங்கள் 14 இணைத்திருக்கிறேன் அக்கா. கடைசிப் படம் அளவுகோல் ஐயாவுக்கு. காலை ஏழு மணிக்கு விமானத்தின் நிழல் மேற்கே தளத்தில் நீளமாகக் கிடந்து, திருச்சுற்று மாளிகையின் மேல் ஏறி நிற்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை. யாரோ சொன்னதை நானும் நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களிடமும் திருத்திச் சொல்கிறேன்.

சிகரத்தையும் பெரிதாக்கி எடுத்தேன். எட்டுப் பட்டை எண்ண முடிகிறது.

வெண்ணாற்றுநடை
ஜூன் 22, மாலை 6.40

என் கருத்து மாறவில்லை. சகோதரி ஒருநாள் நேரில் வர வேண்டும். ஆனால் அந்தத் திண்ணைக் கேள்வியை நானும் இருபது வருடத்தில் கேட்டதில்லை. இன்று புள்ளமங்கை போனேன். இராமாயணச் சிற்பங்களில் ஒன்பதை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி எடுத்திருக்கிறேன். போதிகையும் எடுத்திருக்கிறேன். நாக்கா, அலையா என்று நான் சொல்லவில்லை.

கங்கைகொண்ட சோழபுரம் அடுத்த வாரம். அதன் விமானத்தின் வெளிக்கோடு, தஞ்சாவூர் விமானத்தின் வெளிக்கோடு இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். அப்பன் கட்டியது நூல் பிடித்தது போல நேராக ஏறும், மகன் கட்டியது இடுப்பை உள்வாங்கி வளைந்து ஏறும். இதற்குப் பென்சில் போதும்.

குடமுருட்டிக்கரை
ஜூன் 29, இரவு 11.05

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புள்ளமங்கைப் போதிகை அலை. நடுவில் பட்டையும் இருக்கிறது. அம்மன் சன்னதியில் நாக்கு குனிகிறது, முருகன் சன்னதியில் மொட்டு. சரியா ஐயா?

வேறொன்று சொல்லத்தான் வந்தேன். திண்ணைத் தூண்கள் நான்கையும் வரைந்து முடித்தேன். மூன்றில் போதிகை 26 அங்குலம், மொட்டோடு. நான்காவது மட்டும் 20 அங்குலம், முனை நேராக வெட்டியது, செதுக்கல் எதுவும் இல்லை. மரத்தின் நிறமும் கொஞ்சம் வெளுப்பு. நீங்கள் சொன்ன கணக்கில் பார்த்தால் இது வேறு காலத்து வேலையாக இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டு, காலையில் மாமியாருக்குத் தலை வாரும்போது மெதுவாகக் கேட்டேன்.

77 புயல் என்றார். தீபாவளி முடிந்த கையோடு அடித்த புயல். வாசல் தென்னை திண்ணைமேல் சாய்ந்து அந்த ஓரத்துத் தூணை முறித்துவிட்டதாம். மற்ற மூன்றும் இலுப்பை. அந்த நேரத்தில் ஊரெல்லாம் கூரை போய்க் கிடந்ததால் ஆசாரி கிடைக்கவில்லை, இலுப்பையும் கிடைக்கவில்லை. கொல்லையில் விழுந்த வேம்பையே அறுத்து மாமனார் தானே போதிகை போட்டிருக்கிறார். மொட்டு செதுக்க அவருக்குத் தெரியாதாம். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. சொல்லிவிட்டு என்னைத் திண்ணைக்கு அனுப்பி, அதில் விரிசல் இருக்கிறதா பார் என்றார். இல்லை என்றேன். இன்னொரு தடவை தட்டிப் பார்க்கச் சொன்னார்.

நாளை கூடத்துத் தூண்கள். மொத்தம் எட்டு. வடமேற்கு மூலைத் தூணுக்குக் கீழே இருக்கும் கல் வேறு எங்கிருந்தோ வந்தது, அதைத் தனியாக வரை என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டார். அளந்துவிட்டு எழுதுகிறேன்.